அல்சேஷன் நாய் வளர்ப்போர் அறிய வேண்டியவை: உண்ணிக் காய்ச்சலும் பிற நோய்களும்

நம் நாட்டுக் கிராமங்களில் நாயை எவரும் வளர்ப்பதில்லை. அது தானே வளர்கின்றது என்றே சொல்லலாம். அடுப்படிச் சாம்பலிற் படுத்து, மிஞ்சிய சோற்றையும் மீன்முள்ளையும் உண்டு, உண்ணியும் தெள்ளும் உடலில் ஊர, அது பல்லாண்டுகள் வளவைக் காத்துவிடும். அவ்வாறு வாழ முடியாத குட்டிகள் இளமையிலேயே இறந்துபோக, தாக்குப்பிடிக்கக் கூடியவை மாத்திரமே தலைமுறை தலைமுறையாக எஞ்சி வந்தமை இதற்குக் காரணமாகும். நாட்டு நாயைக் கவனியாது விடலாம் என்பது இதன் பொருளன்று. அதற்கும் நோயுண்டு, நோவுமுண்டு. ஆயினும் அதனை வளர்த்த பழக்கத்தைக் கொண்டு அல்சேஷன் நாயொன்றை வளர்க்க முற்படுவோர் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுள் அந்நாயை இழந்துவிடுகின்றனர்.

அல்சேஷன் இனம் மிகப் பழையதன்று. ஜேர்மனியிலே குதிரைப்படை அதிகாரியாயிருந்த மக்ஸ் வொன் ஸ்ரெபானிற்ஸ் என்பவர், ஆட்டு மந்தைகளைக் காத்து வந்த நாய்களுள் ஒன்றை 1899ஆம் ஆண்டில் வாங்கி, அதனையே இனத்தின் முதல் நாயாகப் பதிவு செய்து, இவ்வினத்துக்கென ஒரு சங்கத்தையும் நிறுவினார். முதலாம் உலக யுத்தத்தின் பின்னர், ஜேர்மன் என்னும் பெயரைப் பிரித்தானிய மக்கள் வெறுத்தமையால், எல்லைப்புறப் பிரதேசமாகிய அல்சாசின் பெயர் இதற்கு இடப்பட்டது. 1977இல் அந்நாட்டில் ஜேர்மன் ஷெப்பேர்ட் என்னும் பெயர் மீண்டும் ஏற்கப்பட்டபோதிலும், இலங்கையில் பலரது வாயில் அல்சேஷன் என்னும் பெயரே நிலைத்துவிட்டது. வளர்ந்த ஆண் நாய் 30 முதல் 40 கிலோகிராம் வரையும், பெண் நாய் 22 முதல் 32 கிலோகிராம் வரையும் நிறையுடையதாயிருக்கும்.

குட்டியை வாங்கும்போது வம்சாவளிப் பத்திரம் ஒன்று கிடைப்பதுண்டு. தந்தை யார், தாய் யார், அவற்றின் முன்னோர் யாவை என்பதை அப்பத்திரம் கூறும். வவுனியாவின் வெயிலையும், மட்டக்களப்பின் புழுக்கத்தையும், யாழ்ப்பாணத்து வளவுகளில் மலிந்துள்ள உண்ணியையும் அந்நாய் தாங்குமா என்பதை அது கூறாது. இவற்றுள் உண்ணியே முதலிற் கவனிக்கப்பட வேண்டியது.

உண்ணியும் அது கொணரும் நோயும்

நாயின் காதுகளிலும் விரலிடுக்குகளிலும் காணப்படும் பழுப்புநிற உண்ணியை அறியாதார் இலர். அது இரத்தத்தைக் குடிப்பதனால் உண்டாகும் நட்டம் சிறிது. அது நாயின் குருதியுட் செலுத்தும் நுண்ணுயிர்களே கேடு விளைப்பன. அவற்றுள் ஒன்று எர்லிக்கியா என்னும் பற்றீரியா. இது வெண்குருதிக் கலங்களுட் புகுந்து வாழ்வது. மற்றொன்று பபேசியா, இது செங்குருதிக் கலங்களை அழிப்பது. இவ்விரண்டையும் சேர்த்தே நம்மவர் உண்ணிக் காய்ச்சல் என வழங்குகின்றனர். ஒரே நாயை இரண்டும் ஒருங்கே பற்றுவதும் உண்டு.

எர்லிக்கியாவினால் வரும் நோய் 1935இல் அல்ஜீரியாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதனைப் பெரிதாகக் கருதியோர் சிலரே. வியட்நாம் யுத்தத்தின்போது அமெரிக்கப் படையினர் காவலுக்கும் தடம் பிடிப்பதற்குமாகக் கொண்டுசென்ற நாய்களுட் பெரும்பாலானவை அல்சேஷன் இனத்தவை. 1968 முதல் 1970 வரையான காலத்தில் அந்நாய்களுள் நூற்றுக்கும் மேற்பட்டவை மூக்கிலிருந்து இரத்தம் வடிந்து, மெலிந்து, இறந்துபோயின. அவை நல்ல உணவு உண்டவை. படையின் மிருக வைத்தியர்களால் ஒழுங்காகப் பார்க்கப்பட்டவை. உண்ணி புகுத்திய எர்லிக்கியாவே காரணம் என்பது பின்னரே துலங்கிற்று. ஏனைய இன நாய்கள் இந்நோயைப் பலவேளைகளில் தாங்கிக்கொள்ள, அல்சேஷனின் உடலோ அதனை எதிர்ப்பதில் வலிமை குன்றியிருக்கின்றது என்பது பிற்கால ஆராய்ச்சிகளாற் புலனாயிற்று. ஆகவே இவ்வின நாயில் ஓர் உண்ணியைக் காண்பது, நாட்டு நாயிற் பத்து உண்ணியைக் காண்பதிலும் கவலைக்குரியது.

இந்நோய் வீடுகளில் எவ்வாறு கவனிப்பாரற்று முற்றுகின்றது என்பதை இங்கே சற்று விரித்துரைத்தல் தகும். உண்ணி கடித்து ஒன்று முதல் மூன்று வாரங்களுட் காய்ச்சல் தோன்றும். நாய் ஒரு நேர உணவை விட்டு எழுந்துபோகும். வாசலில் ஆள் வந்தாற் குரைக்குமேயன்றி எழுந்து ஓடாது. வெயில் அதிகம், அதனாற் சோர்ந்திருக்கின்றது என வீட்டார் எண்ணுவர். சில நாய்களில் இரண்டு மூன்று வாரங்களில் இக்குறிகள் தாமாகவே மறைந்துவிடும். வீட்டாரும் அதனை மறந்துவிடுவர். நோயோ மண்ணீரல் முதலிய உறுப்புக்களிலே தங்கி, மாதக்கணக்காக, சிலவேளை ஆண்டுக்கணக்காக, யாதொரு குறியுமின்றி இருக்கும். பின்னர் ஒருநாள் நாயின் மூக்கிலிருந்து இரத்தம் சொட்டும். அல்லது வயிற்றின் தோலிற் சிவந்த புள்ளிகள் தோன்றும். அல்லது மலம் கரிய நிறமாகப் போகும். குருதியை உண்டாக்கும் என்பு மச்சை அதற்குள் பழுதடைந்திருக்கும். அந்நிலையில் மருந்து கொடுத்தும் பல நாய்கள் பிழைப்பதில்லை. முதற் காய்ச்சலின்போதே மருந்து கொடுத்திருந்தால் அவற்றுட் பெரும்பாலானவை சில நாட்களில் எழுந்து நடந்திருக்கும்.

பபேசியாவின் போக்கு வேறு. முரசு வெளிறுதல், கண்ணின் வெண்பகுதி மஞ்சளாதல், சிறுநீர் தேயிலைச் சாயம்போலக் கறுத்துப் போதல் என்பன அதன் குறிகள். இவற்றுள் எதனைக் கண்டாலும் அன்றைய தினமே மிருக வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

முரசைப் பார்க்கும் பழக்கம் பணச்செலவில்லாதது. நாய் நலமாயிருக்கும்போதே அதன் மேலுதட்டை உயர்த்தி, முரசின் நிறத்தை வீட்டார் அறிந்து வைத்தல் நன்று. அது இளஞ்சிவப்பாயிருக்கும். விரலால் அழுத்தி விட்டால் வெளிறி, இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்கும். இதனை நலமான நாளிற் பாராதவர் நோயுற்ற நாளிற் பார்த்துப் பயனில்லை. உடல் வெப்பத்தையும் கையால் தொட்டு மதிப்பிடுதல் கூடாது. நாயின் உடல் மனித உடலிலும் இயல்பாகவே சூடானது. அதன் மூக்கு ஈரமாயிருப்பதும் உலர்ந்திருப்பதும் காய்ச்சலுக்குச் சான்றாகா. வெப்பமானியொன்றை நாய்க்கெனத் தனியே வைத்து, நுனியில் எண்ணெய் பூசி, மலவாயில் வைத்தே பார்த்தல் வேண்டும். 38 முதல் 39.2 பாகை செல்சியசு வரை இயல்பான அளவாகும்.

மருந்தைப் பொறுத்தவரை ஒன்றைச் சிறப்பாகக் கூற வேண்டும். குருதிச் சோதனையின் பின்னர் எர்லிக்கியாவுக்கென மிருக வைத்தியர் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரை வழக்கமாக 28 நாட்களுக்கு உரியது. ஆனால் மூன்றாம் நான்காம் நாளிலேயே நாய் வாலையாட்டிக்கொண்டு சோறு கேட்கும். அத்துடன் மருந்தை நிறுத்திவிட்டு, மிச்ச மாத்திரையை அடுத்த முறைக்கென இறாக்கையில் எடுத்துவைக்கும் வழக்கம் மிகுந்த தீங்கானது. நோய் முற்றாக நீங்காது உள்ளே பதுங்குவதற்கு இதைவிடச் சிறந்த வழி வேறில்லை. மாத்திரையை வெறும் வயிற்றிற் கொடாது உணவோடு கொடுக்க வேண்டும். பாலிற் கரைத்துக் கொடுத்தல் ஆகாது. உண்ணிக் காய்ச்சல் ஒருமுறை வந்து மாறிய நாய்க்கு அது மறுமுறை வராது என்பதும் தவறு.

உண்ணியை அகற்றும் முறை

நாள்தோறும் மாலையில் நாயின் உடலைக் கையால் தடவிப் பார்த்தல் வேண்டும். இவ்வின நாயின் உரோமம் இரட்டைப் படையாய் அடர்ந்திருத்தலின், கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். காதின் உட்புறம், கழுத்துப் பட்டியின் கீழ், முன்னங்காற் கக்கம், விரலிடுக்கு, வாலின் அடி என்பன உண்ணி விரும்பும் இடங்கள். கண்ட உண்ணியைச் சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்து எடுத்து, சவர்க்கார நீரிலோ மதுசாரத்திலோ இட வேண்டும். நகத்தால் நசுக்குதல், மண்ணெண்ணெய் தடவுதல், நெருப்புக்குச்சியாற் சுடுதல் ஆகியவற்றால், உண்ணி தன் வாயிலுள்ளதை நாயின் உடலுட் கக்குவதற்கு இடமுண்டாகின்றது.

நாயின்மேல் இருக்கும் உண்ணியை எடுத்தால் வேலை முடிந்தது என எண்ணலாகாது. இவ்வுண்ணி தன் வாழ்நாளில் மூன்று முறை நாயின்மேல் ஏறி, மூன்று முறை இறங்குகின்றது. குஞ்சாக ஏறி இரத்தம் குடித்து இறங்கித் தோல் மாற்றும். மீண்டும் ஏறி இறங்கித் தோல் மாற்றும். வளர்ந்த பின்னர் ஏறி, பெண்ணாயின் இரத்தத்தால் உப்பி இறங்கி, ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டு மடியும். அம்முட்டைகள் இருப்பது நாயின் உடலிலன்று. விறாந்தைச் சுவரின் வெடிப்பு, கதவு நிலையின் இடுக்கு, நாய்க் கூட்டின் பலகைச் சந்து, நாய் படுக்கும் சாக்கு என்பனவே உண்ணியின் இருப்பிடம். இரத்தமின்றியே அது பல மாதங்கள் உயிரோடிருக்கும். சுவரில் மேல்நோக்கி ஊரும் உண்ணிகளைக் கண்ட வீட்டில், நாயை மாத்திரம் மருந்திட்டுக் குளிப்பாட்டுவது வீண் முயற்சியாகும். வெடிப்புக்களைச் சீமெந்தால் அடைக்க வேண்டும். படுக்கைச் சாக்கை வாரந்தோறும் கொதிநீரில் இட்டு வெயிலில் உலர்த்த வேண்டும். கூட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நாய் திரியும் இடத்துப் புல்லைக் குறுக வெட்ட வேண்டும்.

கமக்காரர் வீடுகளில் நிகழும் பெரும் பிழை ஒன்றுண்டு. பயிருக்கு விசிறும் பூச்சிநாசினியை நீரிற் கலந்து நாயைக் குளிப்பாட்டுதலே அது. அம்மருந்து தோலின் வழியாகவும், நாய் தன் உடலை நக்குவதனாலும் உள்ளே செல்லும். வாயிலிருந்து நீர் வடிந்து, தசைகள் துடித்து, சில மணித்தியாலங்களுள் நாய் இறந்துவிடலாம். குளிப்பாட்டியவரின் கைகளுக்கும் அது நன்றன்று. மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ வாயாற் கொடுக்கும் உண்ணி மாத்திரைகளும், பிடரியில் விடும் துளி மருந்துகளும், மருந்திட்ட கழுத்துப் பட்டிகளும் இக்காலத்திற் கிடைக்கின்றன. நாயின் நிறைக்கேற்ற அளவையும், வலிப்பு வரும் நாய்க்கு எது ஆகாது என்பதையும் மிருக வைத்தியரே கூற வேண்டும். பூனையும் வளரும் வீடாயின் அதனையும் அவரிடம் சொல்லுதல் வேண்டும். நாய்க்கு விடும் துளி மருந்துகளுட் சில பூனையைக் கொன்றுவிடும். மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்ரின் ஊசிமருந்தில் மிஞ்சியதை நாய்க்குப் போடுவோரும் உளர். மேய்ப்பு நாய் இனங்கள் சிலவற்றில் அம்மருந்து மூளையைத் தாக்குகின்றது. அல்சேஷன் நாய்களிலும் சில இத்தன்மை உடையன.

வெயில்

நாய்க்கு மனிதனைப்போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதே அது உடலைக் குளிர்விக்கும் வழி. காற்றோட்டமில்லாத கூட்டிலோ, தகரக் கூரையின் கீழோ, நிழல் நகர்ந்துவிட்ட மரத்தடியிலோ கட்டப்பட்ட நாய்க்கு அவ்வழியும் அடைபடுகின்றது. காலையில் நிழலாயிருந்த இடம் நண்பகலில் வெயிலாகும் என்பதைச் சங்கிலியைக் கட்டுபவர் மறந்துவிடுகிறார். கட்டப்பட்ட நாயோ எழுந்து போக இயலாது.

மிகுந்த மூச்சிரைப்பும், கருஞ்சிவப்பான நாக்கும், தள்ளாட்டமும், வாந்தியும் வெப்பத் தாக்கத்தின் குறிகளாம். உடல் வெப்பம் 41 பாகையைக் கடந்துவிட்டால் உயிருக்கு ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, கிணற்று நீரை உடலெங்கும் ஊற்றி, மின்விசிறியாலோ மட்டையாலோ காற்று வீச வேண்டும். ஈரத் துணியாற் போர்த்து வைத்தல் கூடாது. வெப்பம் வெளியேறாது தடைப்படும். வெப்பம் 39.5 பாகைக்கு இறங்கியதும் நீர் ஊற்றுதலை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். எழுந்து நடந்துவிட்டாலும் உள்ளுறுப்புக்கள் பழுதுற்றிருக்கக் கூடும். கோடையில் உரோமத்தை முற்றாக மழித்துவிடுவதால் நன்மையில்லை. வெயிலைத் தடுப்பதும் அந்த உரோமமே. உதிர்ந்த உள்மயிரை நாள்தோறும் சீவி எடுத்தலே போதுமானது. ஓட்டமும் பயிற்சியும் விடியற்காலையிலும், தார் வீதி ஆறிய பின்னரும் நடைபெறட்டும்.

உணவும் வயிறும்

சோறும் கருவாட்டுக் குழம்பும் மாத்திரம் இந்நாய்க்குப் போதாது. மீன், இறைச்சி, முட்டை, ஈரல் ஆகியவற்றுள் ஒன்று நாள்தோறும் சேர்தல் வேண்டும். மிளகாயும் உப்பும் நீக்கப்பட வேண்டும். வெங்காயம், முந்திரிகைப்பழம், சொக்கிலேற் ஆகியவை நாய்க்கு நஞ்சு. சமைத்த கோழியெலும்பு பிளந்து குடலைக் குத்தும். வீட்டிலுள்ள பரசிற்றமோல் மாத்திரையைக் காய்ச்சலுக்கெனத் தாமாகவே கொடுத்தலும் ஆபத்தானது.

நாளுணவை ஒரே வேளையிற் கொடாது இரண்டாகப் பிரித்துக் கொடுப்பதற்குத் தக்க காரணம் உண்டு. மார்பு ஆழ்ந்த பெரிய நாய்களில், உண்ட இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்வதுண்டு. நாய் வாந்தியெடுக்க முயலும், ஒன்றும் வராது. வயிறு மேளம்போல் உப்பும். நாய் நிலைகொள்ளாது அலையும். இது கைவைத்தியத்துக்கு உரியதன்று. சத்திரசிகிச்சை இன்றேல் சில மணித்தியாலங்களுள் நாய் இறக்கும். நள்ளிரவாயினும் விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. உண்டபின் ஒரு மணித்தியாலமேனும் நாயை ஓடவிடாதிருத்தல் நலம்.

இன்னொரு நோய் இவ்வினத்துக்கே சிறப்பாக உரியது. ஓரிரு வயதுடைய நாய் அடங்காப் பசியோடு உண்ணும். ஆனால் நாளுக்கு நாள் மெலியும். மலம் வெளிறி, கொழுப்புப் பிசுபிசுப்போடு, அளவில் மிகுந்து போகும். வயிற்றிற் பூச்சி எனக் கருதி மாதந்தோறும் பூச்சிமருந்து கொடுத்தும் பயன் கிட்டாது. உணவைச் சமிபாடடையச் செய்யும் நொதியங்களைச் சுரக்கும் சதையி என்னும் உறுப்பு அழிந்துபோனமையே காரணம். அந்நாய் உணவின் நடுவே பட்டினி கிடக்கின்றது. குருதிச் சோதனையால் இதனை உறுதிப்படுத்தலாம். நொதியத் தூளை ஒவ்வொரு வேளை உணவிலும் ஆயுள் முழுவதும் கலந்து கொடுத்தால், நாய் தேறிவிடும். செலவு சிறிதன்று. எனினும், பராமரிப்புக் குறைவு என அயலார் பழிக்க, காரணம் அறியாமலே நாயை இழந்த வீட்டாரை எண்ணும்போது, இந்நோயின் பெயரையேனும் அறிந்திருத்தல் அவசியமாகின்றது.

இடுப்பும் பின்னங்கால்களும்

தொடையெலும்பின் தலை இடுப்புக் குழியிற் சரிவரப் பொருந்தாமை இவ்வினத்திற் பரம்பரையாக வருகின்ற குறை. எழும்போது தடுமாறுதல், முயல்போல் இரு பின்னங்கால்களையும் ஒருங்கே ஊன்றி ஓடுதல், படியேறத் தயங்குதல் என்பன குறிகள். குட்டியை வாங்குமுன் தாய் தந்தையரின் இடுப்பு எக்ஸ்றே படத்தைக் கேட்பது, பத்திரத்திலுள்ள பட்டங்களை எண்ணுவதிலும் பயன் தரும். குட்டி விரைவிற் பெருக்க வேண்டுமென்று அளவுக்கு மிஞ்சி உணவூட்டுதலும், சமநிலையான தயாரிப்புணவு உண்ணும் குட்டிக்குக் கல்சியம் மாத்திரை மேலும் கொடுத்தலும் இக்குறையை வளர்க்கும். வழுக்கும் தரையில் ஓடவிடுதலும் தவிர்க்கத்தக்கது. எட்டு வயதைக் கடந்த நாயின் பின்னங்கால் நோவில்லாமலே இழுபட்டு, நகங்கள் தரையில் உராய்ந்து தேயுமாயின், அது இடுப்பு நோயன்று. முண்ணாண் தேய்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை. நாள்தோறும் நடத்துவதனால் அதன் வேகம் சற்றுக் குறையும்.

தடுப்பூசி

ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் நிறையும்வரை பார்வோ, டிஸ்ரெம்பர் முதலிய நோய்களுக்குரிய ஊசிகள் போடப்படல் வேண்டும். ஓர் ஊசியோடு நிறுத்திவிடும் குட்டிகளே இரத்தக் கழிச்சலால் மடிவன. தாய்ப்பாலால் வந்த எதிர்ப்புச் சத்து முதல் ஊசியின் பயனை மறைத்துவிடுவதுண்டு. ஊசிகள் முடியும்வரை குட்டியை வீதிக்கோ பிற நாய்கள் திரியும் இடத்துக்கோ கொண்டுசெல்லுதல் ஆகாது. நீர்வெறுப்பு நோய்க்கான ஊசியை மூன்று மாதத்திலும், பின்னர் ஆண்டுதோறும் போட வேண்டும். மதிலுக்குள் வளரும் உயர்சாதி நாய்க்கு விசர் எவ்வாறு வரும் என்று கேட்போர், மதிலேறிக் குதிக்கும் பூனையையும் இரவில் வரும் கீரியையும் மறந்துவிடுகின்றனர். சுகாதாரப் பகுதியினர் ஊர்களில் நடத்தும் முகாம்களில் இவ்வூசி இலவசமாகவே போடப்படுகின்றது.

ஊசி போட்ட திகதி, உண்ணி மருந்து கொடுத்த திகதி, நாயின் நிறை, காய்ச்சல் கண்ட நாளில் வெப்பமானி காட்டிய அளவு ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்துவைத்து, நாயைக் கொண்டுசெல்லும்போது அக்கொப்பியையும் மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். முன்னர் எப்போதேனும் நாய் இரண்டு நாள் உண்ணாதிருந்து தானே தேறியிருந்தால், அதனையும் அக்கொப்பியில் எழுதிவைக்க வேண்டும்; மறைந்திருக்கும் உண்ணிக் காய்ச்சலைக் கண்டுபிடிக்க வைத்தியருக்கு அவ்வொரு வரி உதவும்.